காலேஜ் ரேடியோவுல பேசினா விசா போயிடுமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, பெரியபட்டினத்துலேர்ந்து கனடாவுக்கு மேல்படிப்புக்கு வரப்போறேன்னு எழுதியிருக்கே. சந்தோஷம். லீவு நாள்ல பாம்பன் கடல் ஓசை எஃப்எம்ல ஒத்தாசை பண்ணியிருக்கேன், அங்கே யுனிவர்சிட்டிக்குள்ளயே மாணவர் ரேடியோ இருக்காமே, வெளிநாட்டுப் பசங்களைச் சேர்த்துக்குவாங்களா, நம்ம பாட்டைப் போட விடுவாங்களா, மீனவர் கைது, மனித உரிமைன்னு பேசினா விசாவுக்கு ஆபத்தான்னு கேட்டிருக்கே. கூடவே ஜாக்கெட், குக்கர், ரூம் வாடகை, பார்ட் டைம் வேலைன்னு ஒரு நீளப் பட்டியல். பட்டியலுக்கு என்கிட்ட ஒரே வரிதான்: ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்கு, குக்கரை அங்கேர்ந்து கொண்டு வா. 2007ல மதுரைக் கடையில வாங்கின ஜாக்கெட்டோட டொரண்டோவுல வந்து இறங்கினவ சொல்றேன், கேட்டுக்க.

ரேடியோ பத்தி மட்டும் விரிவாப் பேசுறேன். ஏன்னா அதுலதான் உனக்குத் தப்பான புத்திமதி நிறையக் கிடைக்கும்.

ஏர்போர்ட்டுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக வர்றவரே கார்ல ஆரம்பிப்பார். "வந்த இடத்துல வாயைப் பொத்திக்கிட்டு இரு தம்பி, படிச்சோமா, இங்கேயே நிரந்தரமாத் தங்க பிஆர் வாங்கினோமான்னு இரு." இதைச் சொல்றவங்களை நான் வருஷக்கணக்கா பாக்குறேன். பகல்ல இந்த உபதேசம், ராத்திரி ஆனா ஊர் அரசியல் அத்தனையும் வாட்ஸப்புல ஃபார்வர்ட் பண்ணிக்கிட்டு இருப்பாங்க. அவங்க பயம் சட்டத்தைப் படிச்சு வந்த பயமில்ல. இந்த நாட்டோட 1982 உரிமைச் சாசனத்துல பேச்சுரிமையும் அமைதியாக் கூடுற உரிமையும் எல்லாருக்கும்னுதான் இருக்கு. ஓட்டுப் போடுறதுதான் குடிமக்களுக்கு மட்டும். ஸ்டடி பர்மிட்டுல இருக்கிறவன் மைக்கைத் தொடக் கூடாதுன்னு எங்கேயும் எழுதி வைக்கல.

ஆனா ரெண்டு விஷயத்துல நீ கவனமா இருக்கணும். ஊர்வலத்துல தள்ளுமுள்ளாகி, கிரிமினல் வழக்காகி, தண்டனைன்னு ஒண்ணு வந்துச்சுன்னா, கூட நின்ன கனடாக்காரப் பையன் அபராதத்தைக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவான். நீ இமிகிரேஷன்காரங்க முன்னால நிக்கணும். அதனால போ, நில்லு, கோஷம் போடு, போலீஸ் கலைஞ்சு போன்னு சொன்னா கலைஞ்சு போ. இன்னொண்ணு, புலிகள் இயக்கம் 2006லேர்ந்து இங்கே தடைப் பட்டியல்ல இருக்கு. அதுக்குன்னு காசு வசூல் பண்ணிக்கிட்டு யார் எவ்வளவு உருக்கமா வந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிடு. ரேடியோவுலயும் அந்தப் பேச்சு வேண்டாம். அப்புறம் பார்ட் டைம் பத்திக் கேட்டதால சொல்றேன், ரேடியோ பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டு. சம்பளத்தோட ஏதாவது கொடுத்தாங்கன்னா, அது காலேஜுக்கு உள்ளே வேலையா வெளியே வேலையான்னு வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்ல கேட்டுட்டு ஒத்துக்க. வெளி வேலைக்கு 2024 நவம்பர்லேர்ந்து, வகுப்பு நடக்கிற காலத்துல வாரம் 24 மணி நேரம்தான்.

இப்ப ஸ்டேஷனுக்கு வருவோம். காலேஜ் ரேடியோன்னா கேன்டீன்ல ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுறதுன்னு நினைச்சு வராதே. ஒட்டாவாவுல கார்ல்டன் யுனிவர்சிட்டியோட சிகேசியூ 93.1, 1975லேர்ந்து எஃப்எம்ல இருக்கு. டொரண்டோ யுனிவர்சிட்டியோட சிஐயூடி 89.5, மாண்ட்ரியல்ல மெக்கில்லோட சிகேயூடி 90.3, ரெண்டும் எஃப்எம்முக்கு வந்தது 1987ல. ஊர் முழுக்கக் கேக்கும், டாக்சிக்காரர் கேப்பார், ராத்திரி ஷிப்டு நர்ஸ் கேப்பாங்க. நம்ம நாட்டுல சமுதாய வானொலிக்கு 100 வாட்தான் கணக்கு. பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் போனா கரகரன்னு ஆயிடும். அதுலயும் சொந்தமா செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணி செய்தியை எடுத்து அப்படியே போடலாம், அவ்வளவுதான். அந்த வேலிக்குள்ள உக்காந்துக்கிட்டு கடல் ஓசைக்காரங்க 2016லேர்ந்து காத்து, அலை, கடல் பாதுகாப்புன்னு பேசிக்கிட்டு இருக்காங்க பாரு, அது லேசுப்பட்ட காரியமில்ல. நீ அங்கே கத்துக்கிட்டதை இங்கே சின்னதா நினைச்சு மறைக்காதே. விண்ணப்பத்துல முதல் வரியா எழுது.

இங்கே செய்தியும் சொல்லலாம், கருத்தும் சொல்லலாம். அதுக்கு ஈடா கணக்கு வழக்கு பலமா இருக்கும். ஒலிபரப்பான ஒவ்வொரு நிமிஷத்தோட பதிவையும் ஸ்டேஷன் நாலு வாரம் வச்சிருக்கணும், புகார் வந்துச்சுன்னா எட்டு வாரம். நீ போட்ட பாட்டு, பாடினவர், நேரம், எல்லாம் எழுதிக் கொடுக்கணும். பாப் வகைப் பாட்டுல நூத்துக்கு 35 கனடாப் பாட்டா இருக்கணும். எது கனடாப் பாட்டுன்னு பாக்க நாலு கேள்வி வச்சிருக்காங்க: இசையமைச்சது யாரு, பாடினது யாரு, எங்கே பதிவாச்சு இல்ல பாடினாங்க, வரி எழுதினது யாரு. நாலுல ரெண்டாவது கனடாவா இருந்தா சரி. சென்னையில பதிவான சினிமாப் பாட்டு இந்தக் கணக்குல தேறாது. டொரண்டோ ஸ்கார்பரோவுல ஒரு பேஸ்மென்ட்டுல ஒரு பொண்ணு தமிழ்ல ராப் பாடினா தேறும். இந்தக் கணக்கு தெரிஞ்ச அன்னைக்குத்தான் நான் அந்தப் பசங்க பாட்டைக் கேக்க ஆரம்பிச்சேன்.

நம்மாளுங்க பண்ற பெரிய கூத்து இங்கேதான். நேராப் போயி "தமிழ் சினிமா ஹிட்ஸ் ஒரு மணி நேரம்"னு நிகழ்ச்சி எழுதிக் கொடுப்பாங்க. திருப்பி அனுப்பினா இனவெறின்னுவாங்க. இனவெறி இங்கே இல்லாம இல்ல, நானும் பட்டிருக்கேன், ஆனா இது அதில்ல. காலேஜ் ரேடியோ இருக்கிறதே வேற ஸ்டேஷன் போடாததைப் போடத்தான். டொரண்டோவுல சினிமாப் பாட்டுக்கு முழுநேரத் தமிழ் ரேடியோவே இருக்கு. நீ எதுக்கு? உன் ஊர் மௌலிது சபையில நபியைப் புகழ்ந்து பாடுற பைத் இருக்கு. கல்யாண வீட்டுல பெண்டுகள் பாடுறது இருக்கு. ராமநாதபுரத்துல பிறந்த நாகூர் ஹனிபாவோட குரல் இருக்கு, அந்தக் கம்பீரம் எந்தப் பாஷைக்காரனையும் நிமிர்ந்து உக்கார வைக்கும். எங்க பக்கம் கரைவலை இழுக்கும்போது பாடுற அம்பாப் பாட்டு இருக்கு. அதுல ஒருத்தர் அடி எடுத்துக் கொடுப்பார், மத்தவங்க ஏலேலோ போட்டு இழுப்பாங்க. எங்க சித்தப்பா பாடினதை ஒரு கேசட்டுல பிடிச்சு வச்சிருந்தோம். நடுவுல அலைச் சத்தம், நாய் குலைக்கிறது, யாரோ யாரையோ வைறது எல்லாம் கேக்கும். அதை நான் ஒலிபரப்பின ராத்திரி, எனக்கு அடுத்து ஜாஸ் நிகழ்ச்சி பண்ற கிழவர் ஹெட்போனைக் கழட்டாம உக்காந்துட்டார். முடிஞ்சதும் இன்னொரு தடவை போடுன்னார்.

மைக்கை உடனே கொடுக்க மாட்டாங்க, அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்க. முதல் பருவம் முழுக்க எனக்குக் கிடைச்சது சிடி அறை. அலமாரி அலமாரியா சிடி. ஒவ்வொரு டப்பா மேலயும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முன்னால வந்த தொண்டர் யாரோ பேனாவுல எழுதியிருப்பாங்க: இரண்டாம் பாட்டு நல்லா இருக்கு, ஐந்தாம் பாட்டுல கெட்ட வார்த்தை வருது பகல்ல போடாதே, ஏழாவது எடுத்தவுடனே சத்தம் ஜாஸ்தி. கனடாப் பாட்டுக்குத் தனி அடையாளம். கையெழுத்து எல்லாம் வேற வேற. படிச்சு முடிச்சு எங்கெங்கேயோ போயிட்ட பசங்க கையெழுத்து. நான் கேட்டு எழுதி ஒட்டின ஸ்டிக்கர் இன்னும் அந்த அலமாரியில இருக்கு.

நான் ரேடியோ மேல பித்துப் பிடிச்சு உள்ளே போகல, அதையும் சொல்லிடணும். குளிர் தாங்காமதான் போனேன். அப்போ நான் ஒரு தமிழ்க் கடையில சாப்பாடு பொட்டலம் கட்டுற வேலையில இருந்தேன். கடை பேர் வேண்டாம். நம்மாளு, தங்கச்சி தங்கச்சின்னு தேனாப் பேசுவார், வெள்ளிக்கிழமையானா சம்பளத்துல கை வைப்பார். வெளியூர்ல நம்மளை ஏமாத்துறவன் வெள்ளைக்காரனா இருப்பான்னு நினைச்சுக்கிட்டு வராதே தம்பி. ஒரு நாள் வேலை முடிஞ்சு பஸ்ஸை விட்டுட்டு மாணவர் கட்டடத்துக்குள்ள ஒதுங்கினேன். மாடியில சிவப்பு விளக்கு எரியுற ஒரு கதவு, பக்கத்துல தொண்டர்கள் தேவைன்னு ஒரு தாள். உள்ளே ஒரு பொண்ணு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை விரல் நுனியால ஏத்தி, பாட்டு முடியுற மூச்சுல தன் பேச்சை வழுக்கி விட்டா. அதைப் பாத்ததும் எனக்கு எங்க வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துச்சு.

தங்கச்சிமடத்துல எங்களுக்குத் திருச்சியைவிட கொழும்புதான் தெளிவா எடுக்கும். அப்பாவுக்கு இலங்கை வானொலின்னா உயிர். காலையில பொங்கும் பூம்புனல் ஓடினாத்தான் அடுப்பு பத்தும். பி.எச். அப்துல் ஹமீது பாட்டுக்குப் பாட்டு நடத்தினா தெருவே கேக்கும். கே.எஸ். ராஜா பேசுற வேகத்தை எங்க மாமா கொட்டாங்கச்சியை வாயில வச்சுக்கிட்டு அப்படியே பேசிக் காட்டுவார். கடலுக்கு அந்தாண்ட இருந்து வர்ற குரல், பாஸ்போர்ட் இல்லாம வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும். அப்படி வளர்ந்தவளுக்கு அந்தச் சிவப்பு விளக்கைப் பாத்துட்டுச் சும்மா போக முடியல.

இப்ப உன் முக்கியமான கேள்வி, மீனவர் பிரச்சினை பேசலாமா. பேசலாம், பேசணும். ஆனா நீ ராமநாதபுரத்துல மேடை போட்டுப் பேசுறதும் டொரண்டோவுல மைக்குல பேசுறதும் ஒண்ணில்ல. அங்கே கேக்குறவன் எல்லாம் நம்ம கரைக்காரன். இங்கே எதிர்க்கரைக்காரனும் அதே அலைவரிசையைக் கேட்டுக்கிட்டு இருக்கான். பாக் ஜலசந்தியோட ரெண்டு கரையும் ஒரே பஸ்ஸுல ஏறுற ஊர் இது.

படிப்பு முடிஞ்சு வேலைக்குப் போன பிறகும் நான் நிகழ்ச்சியை விடல. இந்த ஸ்டேஷன்கள்ல வெளி ஆளுங்களையும் சேர்த்துக்குவாங்க. ஒரு ராத்திரி ராமேஸ்வரம் படகுகளைப் பிடிச்சுக்கிட்டுப் போனது, ஆளுங்க அங்கே ஜெயில்ல இருக்கிறது, படகு திரும்பாம மக்கிப் போறது, வீட்டுப் பொம்பளைங்க கலெக்டர் ஆபீஸுக்கு நடக்கிறது எல்லாம் சொன்னேன். பேசி முடிக்கல, போன் விளக்கு மினுங்குது. எடுத்தா பேசாலைக்காரர் ஒருத்தர், மன்னார்ப் பக்கம். ஸ்கார்பரோவுல கிடங்கு வேலை. "நீங்கள் கதைக்கிறது சரிதான் பிள்ளை. உங்கட ஆக்களை அடிக்கிறது பிழைதான். ஆனா உங்கட ரோலர் வந்து போன இரவு எங்கட வலை என்ன பாடுபட்டதெண்டு ஆர் கதைக்கிறது? என்ர தம்பி கடன்பட்டு வாங்கின வலை, விடிய ஒண்டும் மிச்சமில்லை."

ரோலர்னு அவர் சொன்னது நம்ம இழுவைமடி விசைப்படகை. அவர் குரல்ல கோபத்தைவிட அலுப்புதான் இருந்துச்சு. எனக்கு அது புதுசில்ல. எங்க அப்பா வல்லம்ங்கிற நாட்டுப்படகுல தொழில் பண்ணினவர். விசைப்படகு நம்ம வலையை அறுத்துக்கிட்டுப் போச்சுன்னு எங்க தெருவுலயே மண்டை உடைஞ்சதைப் பாத்து வளர்ந்தவ நான். இழுவைமடி அடியில கிடக்கிற குஞ்சு, பாசி, சிப்பி எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போகும்னு நம்ம கரையில பாசி எடுக்கிற பொம்பளைங்களுக்கே தெரியும். இலங்கையில 2017ல அந்தத் தொழிலையே சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க. மேடையில பேசுறவங்க இந்தப் பக்கத்தை மட்டும் முழுங்கிடுவாங்க. நான் அந்த அண்ணனை அடுத்த வாரம் ஸ்டூடியோவுக்கே கூப்பிட்டேன். வந்தார். கையில பிஸ்கட் பாக்கெட். பேச ஆரம்பிச்சு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிட்டோம். எங்க பாட்டி அந்தத் திருவிழாவுல வாங்கிட்டு வர்ற ராணி சோப்பு, அவங்க வீட்டுக்கு எங்க கரைக்காரங்க கொண்டு போற சேலைன்னு. 1974ல தீவு யாருக்குன்னு ரெண்டு சர்க்காரும் பேசி முடிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் பேசினதுல அதைப் பத்தி ஒரு வார்த்தை வரல, ஆனா வலை பத்தி மட்டும் அரை மணி நேரம். கைது தப்பு, அடி தப்பு, இழுவைமடியும் தப்புன்னு மூணையும் ஒரே மூச்சுல சொல்ல உனக்குத் தைரியம் இருந்தா மைக்குக்கு வா. ஒண்ணை மட்டும் சொல்றதுக்கு ஆள் ஏற்கெனவே நிறைய இருக்காங்க.

அடுத்து, யார் கதையை யார் சொல்றதுங்கிற விஷயம். 2009ல வன்னியில சண்டை உச்சத்துல இருந்தப்போ, இங்கே சனங்க சாலையில இறங்கினாங்க. மே 10ஆம் தேதி கார்டினர் விரைவுச் சாலையையே மறிச்சாங்க. எங்க செய்தி அறையில இருந்த ஒரே தமிழ் ஆள் நான்தான், வந்து பேசுன்னாங்க. நான் இந்தியக் கரை ஆள், என் வீட்டுல எல்லாரும் பத்திரமா இருக்காங்க, சொந்தக்காரங்க அங்கே மாட்டிக்கிட்டவங்க இதே காலேஜ்ல படிக்கிறாங்கன்னு சொல்லி, ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன். நான் சவுண்ட் போர்டு மட்டும் ஓட்டினேன். அதுல ஒரு பொண்ணோட குடும்பம் மண்டபம் அகதி முகாம்ல கொஞ்ச காலம் இருந்ததாம். எங்க வீட்டுலேர்ந்து பாம்பன் பாலத்தைத் தாண்டினா வந்துடும். அதுவரைக்கும் என்னை இந்தியாக்காரின்னு ஒதுக்கி வச்சிருந்தவ, அன்னைக்குத்தான் பேசினா.

முகாம்னு வந்ததால ஒரு எச்சரிக்கை. ஒலிபரப்பினது எல்லாம் இணையத்துல தங்கும். ஊர்ல கேப்பாங்க. முகாம்ல இருக்கிறவங்க பேர், எந்த முகாம், எந்த வரிசைன்னு மைக்குல சொல்லிடாதே. அங்கே போலீஸ் உளவுப் பிரிவு க்யூ பிராஞ்ச் கண்காணிப்பு இருக்குன்னு உனக்கே தெரியும். நீ இங்கே காப்பி குடிச்சுக்கிட்டுப் பேசிட்டுப் போயிடுவே, விசாரணைக்கு அவங்க போகணும். கைதான மீனவர் குடும்பமும் அப்படித்தான், வழக்கு இலங்கையில மன்னார்லயோ ஊர்காவற்றுறையிலயோ நடந்துக்கிட்டு இருக்கும், நம்ம வாய்ச் சவடால்ல அது கெடக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு நிகழ்ச்சிக்காரர் போன்ல ஆறுதல் சொல்ற மாதிரிப் பேசி, ஒரு அக்கா அழுததைப் பதிவு பண்ணி, அவங்ககிட்ட கேக்காமலே போட்டார். பாராட்டுக் குவிஞ்சுது. அந்த அக்கா அடுத்து யார் போனையும் எடுக்கல. அவரோட நான் பேச்சை நிறுத்திட்டேன், இன்னைக்கு வரைக்கும்.

மனித உரிமைக் கழகம் எல்லா யுனிவர்சிட்டியிலும் ஒண்ணு ரெண்டு இருக்கும். ஆம்னஸ்டி, 1961ல பீட்டர் பெனன்சன்னு ஒரு வக்கீல் லண்டன்ல ஆரம்பிச்சது, அதோட மாணவர் குழு இருக்கும். டிசம்பர் 10, மனித உரிமை நாள் வந்தா உக்காந்து கடுதாசி எழுதுவாங்க, யாரோ ஒரு நாட்டு மந்திரிக்கு, யாரோ ஒரு கைதிக்காக. எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. எங்க ஊர்ல மனு கொடுத்துக் கொடுத்து ஓஞ்சவங்களைப் பாத்தவளாச்சே. ஆனா முகம் தெரியாதவனுக்காக ஒரு பக்கம் கையால எழுதுறப்போ, உன் துக்கம்தான் உலகத்துலயே பெருசுங்கிற எண்ணம் கொஞ்சம் கரையும். உலக மனித உரிமைப் பிரகடனத்தோட முதல் வரைவை எழுதின ஜான் ஹம்ப்ரி மெக்கில்ல சட்டம் சொல்லிக் கொடுத்தவர்னு அங்கேதான் தெரிஞ்சுக்கிட்டேன். 1988ல அந்தப் பிரகடனத்தோட நாற்பதாவது வருஷத்துக்கு ஆம்னஸ்டி ஒரு பாட்டுக் குழுவை உலகம் சுத்த வச்சுது. டொரண்டோவுக்கும் வந்தாங்க, டில்லிக்கும் போனாங்க. ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், ட்ரேசி சாப்மன், யூசு என்டூர். எங்க ஸ்டேஷன் கிழவர் அந்தக் கச்சேரி பத்திச் சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார்.

அந்தக் கழகங்கள்ல ஒரு தொல்லை உண்டு. உன்னைப் பாத்ததும் கண்ணீர்க் கதை எதிர்பார்ப்பாங்க. நல்ல பிள்ளைங்கதான், மனசுல கபடமில்ல, ஆனா தலையைச் சாய்ச்சுக்கிட்டு "ஐயோ பாவம்"ங்கிற முகத்தோட கேப்பாங்க. அந்த முகத்துக்கு ஏத்த மாதிரிக் கதையை நீட்டாதே. நம்ம சங்கங்கள் இன்னொரு பக்கம், பட்டுச்சேலை, குத்துவிளக்கு, பிரியாணி, சினிமாப் பாட்டுக்கு டான்ஸ். கைது பத்தி அஞ்சு நிமிஷம் பேசட்டுமான்னு கேட்டா "விழா நேரத்துல எதுக்கு"ன்னுவாங்க. நான் ரெண்டு இடத்துக்கும் போவேன். பிரியாணி நல்லா இருக்கும்.

பீஸ் ரசீது வந்ததும் பொடி எழுத்தைப் படி. ரேடியோவுக்குன்னு ஒரு சின்னத் தொகை உன்கிட்டயே வாங்கியிருக்கலாம். அப்படின்னா அது உன் காசுல ஓடுற ஸ்டேஷன், கூச்சப்படாம கதவைத் தட்டு. 2019ல ஒன்டாரியோ அரசாங்கம் இந்த மாதிரிக் கட்டணத்தை இஷ்டமிருந்தா கட்டலாம்னு ஆக்கிட்டாங்க. ஸ்டேஷன்களுக்கு வயித்துல புளி கரைஞ்சுது. அதே வருஷம் நவம்பர்ல கோர்ட்டு அது செல்லாதுன்னு சொல்லுச்சு, 2021ல மேல்முறையீட்டுலயும் அரசாங்கம் தோத்துச்சு. நன்கொடை வாரம் வந்தா நான் இன்னும் போன் எடுக்கப் போறேன். பத்து டாலர் கொடுத்துட்டு ஒரு மணி நேரம் பேசுறவங்க உண்டு. பேசாலை அண்ணன் வருஷா வருஷம் கொடுப்பார், அந்த அம்பாப் பாட்டைப் போட்டாத்தான் கொடுப்பேன்னு நிபந்தனையோட.

செப்டம்பர் முதல் வாரம் கிளப்புகள் மேசை போட்டு உக்காந்திருக்கும், அந்த வாரத்தை விட்டுடாதே. வர்றதுக்கு முன்னாடி உங்க ஊர்ல பைத் பாடுற பெரியவங்க யாராவது இருந்தா, கனடா ரேடியோவுல போடலாமான்னு அவங்ககிட்ட கேட்டுட்டுப் பதிவு பண்ணிக்கிட்டு வா. போன்ல பண்ணினா காத்தடிக்காத அறையா பாத்துக்க, ஃபேனை நிறுத்து.

ரூம் வாடகை எவ்வளவுன்னு கேட்டிருந்தே. எனக்குத் தெரியாது தம்பி, நான் வீடு வாங்கி வருஷமாச்சு.